சுகருக்கு எந்த ஆசனம்? யோகா உடம்புக்குள் செய்கிற வேலையும் செய்யாத வேலையும்

எங்கள் தெருக்கோடி வீட்டு மொட்டை மாடியில் தினமும் காலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு. பதினாலு பேர் வருகிறோம், அதில் ஒன்பது பேருக்குச் சுகர். எனக்குப் பதினோரு வருஷமாக இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் பாயை விரிப்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சுகருக்கு எந்த ஆசனம் நல்லது?"

கேட்பவர் மேல் தப்பே இல்லை. போனைத் திறந்தால் வருவதெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. இந்த ஆசனத்தில் வயிற்றை அமுக்கினால் கணையம் பிழியப்பட்டு இன்சுலின் ஊறும், ஒரு மண்டலம் விடாமல் செய்தால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கூசாமல் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், "யோகாவா, அதெல்லாம் கை காலை நீட்டி மடக்குவது, சுகருக்கு என்ன செய்யும்" என்று ஒரேயடியாக ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள்.

போன வருஷம் எங்களோடு பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் அப்படி ஒரு வீடியோவை நம்பி மாத்திரையை நிறுத்தினார். ஆசனங்களை ஒரு நாள் விடாமல் செய்தார், அதில் குறையே சொல்ல முடியாது. மூன்றாவது மாதம், செருப்பு உரசிய சின்னப் புண் ஆறாமல் கறுத்துப்போய் கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதோடு யோகாவையும் விட்டுவிட்டார், எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அதுதான். யோகாவால் செய்யவே முடியாத ஒரு வேலையை யாரோ அதன் தலையில் கட்டிவிட்டார்கள், அது நன்றாகச் செய்யக்கூடிய வேலைகளை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வேலைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

## முதலில் ஒரு கல்யாண மண்டபம்

சுகர் என்றால் என்ன என்று புரியாமல் யோகா அதற்கு என்ன செய்யும் என்று புரியாது. அதனால் ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்முற்றத்தில் விருந்தாளிகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே பந்தி ஹால், இலை போட்டாயிற்று. வாசலில் ஒருவர் நின்று "வாங்க, சாப்பிட வாங்க" என்று கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு போனால்தான் ஆட்கள் உள்ளே போவார்கள்.

நாம் சாப்பிடுகிற சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் வயிற்றில் கரைந்து குளுக்கோஸாக ரத்தத்துக்கு வருகிறது. குளுக்கோஸ்தான் விருந்தாளி. ரத்தம்தான் முற்றம். பந்தி ஹால் நம் தசைகள், குளுக்கோஸ் போய்ச் சேர வேண்டிய முக்கியமான இடம். வாசலில் நின்று கூப்பிடுகிறவர்தான் இன்சுலின். இது வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற கணையம் என்ற உறுப்பு சுரக்கிற ஹார்மோன். ஹார்மோன் என்றால், ஓர் உறுப்பு ரத்தத்தின் வழியாக மற்ற உறுப்புகளுக்கு அனுப்புகிற சேதி, அவ்வளவுதான்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தங்கும் விடுதியும் உண்டு. அதுதான் கல்லீரல். சாப்பிட்டவுடன் வருகிற குளுக்கோஸில் ஒரு பகுதியை அது சேமித்து வைத்துக்கொள்கிறது, ராத்திரி நாம் பட்டினியாகத் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக முற்றத்துக்கு அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் நாம் விடியற்காலையில் மயங்கிக் கிடப்போம்.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வருவது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். இதில் கூப்பிடுகிறவர் இருக்கிறார், தொண்டை வற்றக் கத்துகிறார், ஆனால் ஹால் கதவு இறுகிப் போயிருக்கிறது. ஓர் ஆள் தள்ளித் திறந்த கதவுக்கு இப்போது நாலு ஆள் வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் இன்சுலின் எதிர்ப்பு. கொஞ்ச காலத்துக்குக் கணையம் அதிகமாகச் சுரந்து சமாளிக்கும், அப்புறம் அதுவும் களைத்துப்போகும். முற்றத்தில் கூட்டம் தேங்கும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் நாம் பார்க்கிற எண் அந்தக் கூட்டத்தின் கணக்குதான்.

முதல் வகை வேறு. அதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. கூப்பிட ஆளே இல்லை. அவர்களுக்கு இன்சுலின் ஊசிதான் உயிர், 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக ஒரு பையனுக்கு அந்த ஊசி போடப்படும்வரை இந்த வகை வந்தவர்கள் பிழைத்ததில்லை. யோகா செய்கிறேன் என்று இவர்கள் ஒரு வேளை ஊசியைக்கூட நிறுத்தக் கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சாப்பாட்டிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் குளுக்கோஸ் ரத்தத்துக்கு வருகிறது, இன்சுலின் அதைத் தசைக்குள் அனுப்புகிறது, இரண்டாம் வகையில் தசையின் கதவு இறுகியிருப்பதால் அது ரத்தத்திலேயே தேங்குகிறது.

## ஆசனம் கணையத்தைப் பிழிகிறதா?

கணையம் எலுமிச்சம்பழம் இல்லை, அமுக்கினால் சாறு வருவதற்கு. அது எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதை முக்கியமாக ரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸின் அளவுதான் தீர்மானிக்கிறது. வயிற்றை அழுத்துகிற எந்த ஆசனமும் களைத்துப்போன செல்களைப் புதிதாக்கிவிடாது.

ஆனால் ஆசனத்தால் பயன் இருக்கிறது, அது வேறு வாசல் வழியாக வருகிறது. தசை வேலை செய்யும்போது, இன்சுலின் கூப்பிடாமலேயே அது குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பந்தி ஹாலுக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வேலை மும்முரமாக நடந்தால் அந்தக் கதவு தானே திறந்துகொள்ளும், வாசலில் யாரும் கத்த வேண்டியதில்லை. முன்கதவு இறுகிப்போனவர்களிடமும் இந்தப் பின்கதவு திறக்கிறது, இரண்டாம் வகைக்காரர்களுக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. பயிற்சி முடிந்த பிறகும் சுமார் ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும், முன்கதவின் இறுக்கமே கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இது புரிந்துவிட்டால் "எந்த ஆசனம்" என்ற கேள்விக்கு விடை தானே வந்துவிடும். பெரிய தசைகளை வேலை வாங்குகிற ஆசனங்கள். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பின் பின்பக்கத்திலும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்காருவதுபோல் நிற்கிற உத்கடாசனம், ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி ஊன்றுகிற வீரபத்திராசனம், படுத்தபடி இடுப்பை உயர்த்துகிற சேதுபந்தாசனம், மெதுவாகச் செய்கிற சூரிய நமஸ்காரம். உத்கடாசனத்தில் அரை நிமிஷம் நின்று பாருங்கள். பதினைந்தாவது விநாடியில் தொடை சூடாகும், இருபதில் நடுங்க ஆரம்பிக்கும். தசை மும்முரமாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. எங்கள் வகுப்பில் அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இதைச் செய்வார், அவருக்கும் தொடை சுடும், அவருக்கும் பின்கதவு திறக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெதுவான யோகா, வேகமான நடைக்கு ஈடாகத் தசையை வேலை வாங்காது. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு, அதில் நடையும் இருக்கட்டும், யோகாவும் இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் தெருவில் நடந்தால்கூடச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் ஏறுவது மட்டுப்படும். அதற்குப் பாயும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம்.

## கோபமும் கல்லீரலும்

இங்கேதான் யோகாவுக்கென்றே ஒரு தனி வேலை இருக்கிறது, என் அனுபவத்தில் பலரும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு கடைசி நேரத்தில் முறிந்தது. அந்த வாரம் முழுக்க நான் சாப்பிட்டது வழக்கத்தைவிடக் குறைவு. அதே மாத்திரை, அதே நேரம். ஆனால் சாதாரணமாக 120 பக்கத்தில் இருக்கிற வெறும்வயிற்றுச் சுகர் 170ஐத் தாண்டியது. ஸ்ட்ரிப் கெட்டுப்போய்விட்டதோ என்று புது டப்பா வாங்கிப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான் காட்டியது. சாப்பிடாமல் எங்கிருந்து வந்தது இந்தச் சுகர்?

விடுதியிலிருந்து. பயம், கோபம், கவலை, தூக்கமின்மை எது வந்தாலும் உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. ஓடவோ சண்டை போடவோ சக்தி வேண்டும் என்று அட்ரினலின், கார்ட்டிசால் என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. இவை கல்லீரலிடம் "இருப்பதை எல்லாம் அவிழ்த்து விடு" என்று சொல்கின்றன. அதோடு முன்கதவையும் இன்னும் இறுக்குகின்றன. காட்டில் புலி துரத்தினால் இது உயிரைக் காக்கும். சோபாவில் உட்கார்ந்து ஒரு போன் பேச்சை மனசுக்குள் நூறு தடவை ஓட்டுகிறபோது, வந்த குளுக்கோஸ் செலவாக வழியில்லாமல் முற்றத்திலேயே நிற்கும்.

மூச்சுப் பயிற்சி இந்த இடத்தில் வேலை செய்கிறது. மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. மூளையிலிருந்து நெஞ்சு, வயிறு வரை ஓடுகிற வேகஸ் என்ற நரம்பு "ஆபத்து போய்விட்டது" என்ற சேதியைக் கொண்டுபோகிறது. இதைச் செய்துபார்க்க இரண்டு நிமிஷம் போதும்: நாலு எண்ணும்வரை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள், நடுவில் அடக்க வேண்டாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே செய்தால், வெளியே விடுகிற நேரத்தில் துடிப்பு இடைவெளி விட்டு வருவது விரலுக்கே தெரியும். பத்து நிமிஷம் மூச்சு விட்டால் 170 உடனே 110 ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பதறுகிற பழக்கம் மெல்லத் தணிந்தால், தூக்கம் சரியானால், கல்லீரல் தேவையில்லாமல் அவிழ்த்து விடுவது குறையும். மாசக் கணக்கில் நடக்கிற வேலை இது.

சுருக்கமாக: ஆசனம் தசையின் பின்கதவைத் திறக்கிறது, மூச்சும் அமைதியும் கல்லீரல் அவிழ்த்து விடுவதை மட்டுப்படுத்துகின்றன. கணையத்தைப் பிழிவது என்ற ஒன்று இதில் எங்கேயும் இல்லை.

## பாயை மடித்து வைத்த பிறகும் யோகா

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் யோகாவுக்கு எட்டு அங்கங்கள். திருமூலரும் திருமந்திரத்தில் அட்டாங்க யோகம் என்று அதையே பாடுகிறார். அந்த எட்டில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது, நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. அதற்கு முன்னால் வருபவை யமம், நியமம். மற்றவரிடமும் நம்மிடமும் எப்படி நடந்துகொள்வது என்ற ஒழுக்கங்கள். சுகரோடு வாழ்கிறவனாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் உதவியது இந்தப் பகுதிதான்.

சத்தியத்தை எடுத்துக்கொள்வோம். டாக்டரைப் பார்க்கப் போகிற வாரம் மட்டும் ஸ்வீட்டைத் தொடாமல் இருந்து, வெறும்வயிற்று எண்ணை அழகாகக் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்! அதனால்தான் எச்.பி.ஏ.1சி என்ற டெஸ்ட் எடுக்கிறார்கள், நாம் மூணு மாச சுகர் என்று சொல்வது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அத்தனை நாளும் ரத்தத்தில் மிதக்கிற அதன்மேல் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டது என்பதை இந்த டெஸ்ட் அளக்கிறது. இரண்டு நாள் பத்தியத்தால் அதை ஏமாற்ற முடியாது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய் என்பது கணக்கு.

சுவாத்தியாயம் என்றால் தன்னைத்தான் படிப்பது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் சுகரை எழுதிவைத்தேன், பக்கத்தில் என்ன சாப்பிட்டேன் என்பதையும். அதில்தான் தெரிந்தது, சுகருக்கு நல்லது என்று நம்பித் தினமும் ஒரு பெரிய சொம்பு குடித்துக்கொண்டிருந்த கேழ்வரகுக் கஞ்சி, மூன்று இட்லியைவிட எனக்கு அதிகமாக ஏற்றுகிறது என்று. கேழ்வரகில் சத்து இருக்கிறது, மாவுச்சத்தும் இருக்கிறது, மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் வேகமாகவே ரத்தத்துக்குப் போகும். கருப்பட்டிக் காபியும் இப்படித்தான், அதுவும் சர்க்கரைதான்.

மிதாகாரம் என்று இன்னொரு சொல் உண்டு, அளவான சாப்பாடு. வயிற்றில் கால் பங்கைக் காலியாக விடு என்று ஹட யோகப் பிரதீபிகை சொல்கிறது. தட்டில் இதைக் கொண்டுவருவது சுலபம்: முதலில் பொரியலையும் கூட்டையும் பாதித் தட்டுக்குப் போட்டுவிடுங்கள், மிச்சத்தில் ஒரு பாதி பருப்போ முட்டையோ மீனோ, மீதி இடத்தில்தான் சோறு. சோற்றை முதலில் குவித்துவிட்டு ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பீன்ஸ் வைப்பதுதான் நம் வழக்கம், அதைத் திருப்பிப் போட்டால் போதும்.

அப்புறம் அகிம்சை. இது நம் உடம்புக்கும் சேர்த்துத்தான். முட்டி வலிக்க வலிக்க மடக்குவதும், ஒரு நாள் ஜிலேபி சாப்பிட்டதற்கு மறுநாள் பட்டினி கிடந்து தன்னைத் தண்டிப்பதும், "உனக்குச் சுகர் வந்ததே வாயைக் கட்டாததால்தான்" என்று வீட்டிலேயே குத்திக்காட்டுவதும் இம்சைதான். பரம்பரை, வயது, வேலை, தூக்கம் என்று எத்தனையோ சேர்ந்து வருகிற நோய் இது. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இன்டியாப்' (INDIAB) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. இத்தனை பேருக்கும் நாக்குக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல முடியுமா?

## சரி, எவ்வளவு குறையும்?

மருந்தோடு சேர்த்து யோகா செய்தவர்களுக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட மூணு மாச சுகர் ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் பல சின்ன ஆய்வுகள், சில மாதங்களே நடந்தவை. கவனியுங்கள், மருந்தோடு சேர்த்து. மருந்துக்குப் பதிலாக என்று யாரும் நிரூபிக்கவில்லை. எடை குறைந்து, சாப்பாடு மாறி, பயிற்சி நிலைத்து, எண்கள் தொடர்ந்து நன்றாக வந்தால் சிலருக்கு மாத்திரை அளவு குறையும், அதை டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

நோய் இன்னும் வராமல் எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு நம்பிக்கை இன்னும் அதிகம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்தவர்களில் வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் அது 39. அது யோகா ஆய்வு இல்லை, ஆனாலும் மேலே சொன்ன தசையும் தட்டும்தான் அங்கேயும் வேலை செய்தன.

## பயிற்சிக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஒரு நாள் வகுப்பில் ஓர் அக்கா திடீரென்று பாயில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குக் குழறலாகப் பதில். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, யோகா வெறும்வயிற்றில்தான் செய்யணும் என்று யாரோ சொன்னதால் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். மீட்டரில் 58. இதுதான் லோ சுகர், 70க்குக் கீழே போவது. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம், பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்த்தபோது 92. அப்புறம் இரண்டு இட்லி சாப்பிட வைத்துத்தான் அனுப்பினோம்.

இன்சுலினும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், மெட்பார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அபூர்வம். உங்கள் மாத்திரை எந்த ரகம், பயிற்சிக்கு முன் என்ன சாப்பிடலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மாடியில் இப்போது தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கிறது. நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108ஐக் கூப்பிட வேண்டும்.

கண்ணின் விழித்திரையில் சர்க்கரையால் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால், தலை கீழே போகிற ஆசனங்களும், மூச்சை அடக்குவதும், கபாலபாதி மாதிரி வேகமாகத் தள்ளுவதும் வேண்டாம், அங்கே ரத்தம் கசியலாம். பி.பி. கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அதனால் வகுப்பில் சேர்வதற்கு முன் கண் பரிசோதனை ஒன்று செய்துகொண்டு, ரிப்போர்ட்டில் இருப்பதை யோகா ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாகக் கால். நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, நாமோ வெறுங்காலில் பயிற்சி செய்கிறோம். நாங்கள் சவாசனம் முடிந்து எழுந்ததும் அப்படியே உட்கார்ந்து, ஒரு கைக்கண்ணாடியை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்துவிட்டுத்தான் பாயைச் சுருட்டுகிறோம். போன மாசம் ஒருவருக்குக் குதிகாலில் சின்ன வெடிப்பு தெரிந்தது. அவருக்கு வலியே இல்லை. அன்றைக்கே போய்க் காட்டினார், பத்து நாளில் ஆறிவிட்டது.